மண்ணெண்ணெய் அறை

கண்ணாத்துறைப் பொலிஸ் காவலரணுக்கு முன்னால் மூன்று மொழியில் எழுதிய பெரிய பலகை ஒன்றை நட்டார்கள். ஊரில் அதை வாசிக்காத ஆள் பீற்றிஸ் ஒருத்திதான். வாசிப்பதென்றால் அந்தப் பக்கம் போகவேண்டுமே. குமரியாக இருந்த காலத்திலேயே அவள் அந்த றோட்டை விட்டுவிட்டாள். செங்கலடிச் சந்தைக்குப் போவதென்றாலும் வட்டைக்குள் இறங்கி, வயல் வரம்பால் சுற்றிப்போய்த்தான் பெரிய றோட்டில் பஸ் பிடிப்பாள். மாரியில் வரம்பு கரைந்து முழங்கால் மட்டும் சேறு நிற்கும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற சீமாட்டி என்று ஊர் பகிடி பண்ணும். பண்ணட்டும் என்று அவள் போய்க்கொண்டிருப்பாள்.

பலகையில் இருந்ததை அவளுடைய புருசன் பிறின்ஸ்தான் வந்து சொன்னான். பிறின்ஸ் மேசன். சுவர் பூசுவான், டைல் பதிப்பான், வேலை இல்லாத நாளில் பெயின்ற் வாளியும் தூக்குவான். அன்று பின்னேரம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவன், செப்பலி மீன் ஆணத்தைப் பிசைந்தபடி பேச்சை மெல்ல எடுத்தான்.

“அரசாங்கப் பிணைமுறிக் காசில பழைய பொலிஸ் கட்டடங்களைத் திருத்துறாங்களாம். நம்மட காவலரணும் அதுக்குள்ள வந்திரிக்கு. சாமித்தம்பியர்தான் கொந்தராத்து. சுவர் வேலையும் டைல் வேலையும் எனக்கெண்டு சொல்லிட்டார்.”

“பிணைமுறி எண்டா என்ன?”

“காசுள்ள ஆக்கள்ட்ட அரசாங்கம் கடன் வாங்கிற. அதுக்கு ஒரு கடதாசி குடுக்கிற. தவணை வந்தா திருப்பிக் குடுப்பாங்க.”

“கட்டாயம் குடுப்பாங்களா?”

“குடுக்கத்தானே வேணும். இல்லாட்டி மறுகா ஆரு கடன் குடுக்கிற?”

பீற்றிஸ் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். “அந்தக் கட்டடம் எங்கட வீட்டில வாங்கின ஆள இன்னும் திருப்பித் தரல்ல. அதுக்கு ஆரு கடதாசி தந்த?”

மாரி தொடங்கினால் மேசனுக்கு வேலை இல்லை. கூரைக்குக் கீழே கிடைக்கிற வேலையை விட அவனால் முடியாது. அது அவளுக்கும் தெரியும். ஆகவே போகவேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

அந்தக் கட்டடம் முதலில் கூட்டுறவுச் சங்கக்கடை. அரிசி, சீனி, பருப்பு முன்பக்கம்; பின்பக்கத்து ஒற்றை அறையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்கள். சண்டை வந்ததும் கடை போய்க் காவலரண் வந்தது. தொண்ணூறாம் ஆண்டு அதற்குள் இருந்தவர்கள் யார் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். சட்டைகள் மாறிமாறி வந்த காலம் அது. அந்த ஆண்டு ஒரு விடியப்புறம் சுற்றிவளைப்பில் பீற்றிஸின் அண்ணன் அன்ரோவைப் பிடித்து, சனம் பார்க்கப் பார்க்க அந்தக் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். கொண்டுபோனதைக் கண்டவர்கள் நிறையப் பேர். வெளியே வந்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

அதே நாளில் அந்த வீட்டிலிருந்து இன்னொருவனும் காணாமல் போனான். அவன் பீற்றர், அக்கா மேர்லினுடைய புருசன். அவனைப் பற்றி ஊரும் வீடும் பேசியது வேறு கதை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வாவியில் தொழில் செய்கிற வீடென்றால் மாமனார் தன்னுடைய வலையில் ஒரு பங்கை மருமகனுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வலைக்குறி உண்டு. வாவியில் வலைகள் கலந்துபோகாமல் இருக்க அதை மிதப்புக் கட்டையில் சுட்டு வைப்பார்கள். பீற்றிஸின் அப்பாவுடைய குறி ஒரு நெட்டுக்கோடு, அதன் தலையில் கூரைபோல இரண்டு சரிவுக்கோடு. மருமகனுடைய மிதப்புக்கு அதே குறியின் அடியில் வளைவாக ஒரு வால் வைக்கவேண்டும். மகன்மாருக்கு வால் இல்லை. அந்த வாலைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுவது புதுப்பெண்ணின் வேலை. மேர்லின் கலியாணப் புடவையோடு அடுப்படியில் குந்தியிருந்து, கையைச் சுட்டுக்கொண்டு, சிரித்துச் சிரித்து வால் வைத்ததைப் பீற்றிஸ் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

சுற்றிவளைப்பு நடந்த விடியலில் பீற்றர் வாவியில் வலையோடு நின்றான். அவனுடைய தோணி பிறகு காவலரணுக்குப் பின்னால் இருக்கும் துறையில் கட்டியபடி கிடந்தது. ஆள் இல்லை. தோணியைக் கட்டிப்போட்டு றோட்டில் ஏறி ஓடிவிட்டான் என்றது ஊர். முதல் நாள் இரவு கட்டாருக்குப் போகிற கதையில் புருசனும் பெண்சாதியும் வாய்ச்சண்டை பிடித்ததைப் பக்கத்து வளவு கேட்டிருந்தது. பிறகென்ன, அவனைக் கட்டாரில் கண்டவர்கள் உண்டானார்கள். மன்னாரில் ஒருத்தியோடு கண்டவர்களும் உண்டானார்கள். அப்பா போய்த் தோணியை எடுத்துவரும்போது உள்ளே கிடந்த மீனும் இறாலும் அழுகிப் புழுத்துவிட்டன. அதைக் கழுவியது பீற்றிஸ். அந்த நாற்றம் கையிலிருந்து நாட்கணக்கில் போகவில்லை. பெற்ற தாய்போல் அவனைத் தாங்கிய வீட்டில், மச்சானைப் பிடித்துக்கொண்டு போகும்போது மீனை அழுகவிட்டு ஓடினவன் என்று அவள் திட்டத் தொடங்கியது அன்றைக்குத்தான். அக்காவுக்குக் கேட்க வேண்டும் என்றே திட்டினாள். நிறுத்தவே இல்லை.

அன்ரோவின் படம் இன்றைக்கும் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பீற்றரின் படம் அந்த வீட்டில் இல்லை. மேர்லின் பக்கத்து வளவில், தன் சீதன வீட்டில், தனியே இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறாள். புருசன் விட்டுட்டுப் போன பெண்சாதி என்ற பேரோடு அவளுக்கு அறுபது வயதாகிவிட்டது.

வேலை தொடங்கியதும் மழையும் தொடங்கியது. பொலிஸார் வாடகை வீடொன்றுக்கு மாறியிருந்தார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள சார்ஜன்ட் நௌஷாட் என்பவரை விட்டிருந்தார்கள். அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆள், தொண்ணூறில் அவர் பிறக்கவே இல்லை. அவரும் பிறின்ஸும் பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில் கதைப்பார்கள்.

“அந்தப் பின்னறையில ஒருத்தரும் படுக்கிறல்ல, மேசன்,” என்றார் நௌஷாட். “பேய் எண்டும் ஒருத்தரும் சொல்றல்ல. வந்து ரெண்டு நாளில கட்டிலை மட்டும் வெளிய இழுத்துப் போட்டுருவாங்க. நானும் அப்பிடித்தான் இழுத்த.”

“ஏன் சேர்?”

“மழை பெய்தா மண்ணெண்ணெய் மணக்கும். பீப்பாய் போய் எவ்வளவு காலம். மறுகாலும் மணக்கும்.”

பிறின்ஸுக்கும் மணந்தது. அந்த அறை இனிப் பெண்கள், சிறுவர் முறைப்பாட்டுப் பிரிவு. இடுப்பளவுக்கு வெள்ளை டைல் பதிக்கச் சொல்லியிருந்தார்கள். டைல் பிடிக்க வேண்டுமென்றால் பழைய பெயின்றைச் சுரண்ட வேண்டும். நீலத்துக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே பச்சை, ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிறம். ஈரத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று வந்தது. வாவிப் பக்கத்துச் சுவரில், நிலத்தில் குந்தியிருக்கிற ஒருவனுடைய நெஞ்சளவு உயரத்தில், பச்சைக்கும் அடியில் ஒரு கீறல் தெரிந்தது. பிறின்ஸ் சுரண்டியை வைத்துவிட்டு விரலால் துடைத்தான். தலையில் கூரை வைத்த நெட்டுக்கோடு.

அவன் அந்த வீட்டுக்கு மருமகனாக வந்தபோது மாமனார் தொழிலை விட்டிருந்தார். அவனுக்கு வலையும் கிடைக்கவில்லை, வாலும் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுச் சாவி தொங்குவது பழைய மிதப்புக் கட்டை ஒன்றில்தான். தினமும் கையில் பிடிக்கிற குறி அது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன, காய்ச்சலா?” என்றாள் பீற்றிஸ்.

“இல்ல புள்ள.”

“மறுகா என்ன, சாவிய முறைச்சுப் பாக்கிறீங்க?”

“பின்னறைச் சுவரில இந்தக் குறி கிடக்கு,” என்றான். “ஆணியாலயோ எதாலயோ கீறின. உன்ட அண்ணன் அங்கதான் இருந்திரிக்கான்.”

பீற்றிஸ் அடுப்பைத் தணித்தாள். தலைமயிரை அள்ளி முடிந்தாள். படலையைத் திறந்து, வட்டைப் பக்கம் திரும்பாமல், அந்த றோட்டில் இறங்கி நடந்தாள். பிறின்ஸ் குடையோடு பின்னால் ஓடினான். மதகடியில் நின்ற சனம் வாயைத் திறந்தபடி பார்த்தது.

நௌஷாட் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வழிவிட்டார். “பாருங்க அக்கா. மேசன் எனக்கும் காட்டின. எங்கட பெரியவர் ஓஐசிட்ட நான் சொல்லத்தான் வேணும், நாளைக்குச் சொல்றன். இண்டைக்கு நீங்க பாருங்க.”

அறைக்குள் மழை வெளிச்சம்தான் இருந்தது. பீற்றிஸ் சுவருக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். குறியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“அண்ணே,” என்றாள். “இஞ்சயா இருந்த நீ? நான் வட்டைக்குள்ளால சுத்திச் சுத்திப் போனனே. இந்தப் பக்கம் வரல்லயே.”

அழுகை வந்தது. இத்தனை வருசமும் அழுவதற்கு அவளுக்கு ஒரு இடம் இருக்கவில்லை. கல்லறைத் திருநாளில் ஊர் முழுக்கச் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போது, அவள் கையில் திரியை வைத்துக்கொண்டு எங்கே குத்துவது என்று தெரியாமல் அடுத்தவர்களுடைய கல்லறைகளில் நட்டுவிட்டு வருவாள். இப்போது சுவராவது கிடைத்திருக்கிறது. அந்தச் சந்தோசத்தை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

குறியின் கீழ்ப்பகுதியில் பச்சைப் பெயின்ற் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. “அந்தச் சுரண்டியத் தாங்க,” என்றாள். மெல்ல மெல்லச் சுரண்டினாள். கோடு முடிகிற இடத்தில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. இடப்பக்கம் வளைந்து ஒரு வால் வந்தது.

பீற்றிஸ் சுரண்டியை நிலத்தில் வைத்தாள்.

“அது வெடிப்பாயிரிக்கும்,” என்றான் பிறின்ஸ்.

“வெடிப்பில்ல.”

“மறுகா?”

“வால்.” அதன்மேல் விரலை வைத்தாள். “மருமகன்ட வால். இது அண்ணன் இல்ல. பீற்றர் மச்சான்.”

பிறின்ஸுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் தலையைச் சொறிந்துகொண்டு சன்னல் பக்கம் போனான். சன்னலுக்கு வெளியே துறை. தோணி கட்டிக்கிடந்த துறை. அந்தத் துறையிலிருந்து றோட்டுக்கு ஏறுவதற்கும் இந்தக் கட்டடத்துக்கு ஏறுவதற்கும் ஒரே படிதான்.

“ஓடல்லயா அவர்?” என்றான். “அன்ரோவக் கேட்டு இஞ்ச வந்திரிக்கார்போல.”

பீற்றிஸின் மனம் அப்போது மச்சானிடம் போகவில்லை என்பதுதான் உண்மை. அண்ணன் திரும்பவும் கையிலிருந்து போய்விட்டான் என்ற ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. முதல் தடவை மற்றவர்கள் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை அவளே சுரண்டி அனுப்பியிருக்கிறாள். பக்கத்தில் பிறின்ஸ் சுவர் வெடிப்பு அடைக்கக் குழைத்து வைத்த புட்டித் தட்டு இருந்தது. விரலால் கொஞ்சம் அள்ளி, அந்த வாலுக்குள் வைத்து அழுத்தித் தடவினாள். இருபது வருசம் மேசனுக்குப் பெண்சாதியாக இருந்தவளுக்கு அந்த வேலை நன்றாக வந்தது.

“என்ன செய்யிற புள்ள?”

“பேசாதீங்க. எனக்கு ஒரு அண்ணன் வேணும்.”

“மேர்லின் அக்காக்கும் ஒரு புருசன் வேணுமே.”

“அவவுக்குக் கட்டாரில உயிரோட இரிக்கான். திட்டிக்கிட்டாவது இரிக்கா. செத்த புருசன இப்ப குடுத்து என்ன செய்யச் சொல்றீங்க?” விரலால் புட்டியை மட்டமாக்கினாள். “நான் பேசின பேச்சுக்கெல்லாம் மறுகா எங்க போவன்?”

பிறின்ஸ் தட்டை எடுத்து அப்பால் வைத்தான். அவளோடு சண்டை பிடிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மதகடிச் சனம் சும்மா இருக்குமா. பீற்றிஸ் காவலரணுக்குள் போனதும், சுவரில் அன்ரோவின் குறி கிடப்பதும் மழையை விட வேகமாக ஊருக்குள் போய்விட்டது. சற்று நேரத்தில் மேர்லின் வந்தாள். கையில் மா ஒட்டியிருந்தது, இடியப்ப வேலையை அப்படியே விட்டு வந்திருக்கிறாள். சேலைத் தலைப்பில் மெழுகுதிரி சுற்றி வைத்திருந்தாள். தம்பிக்குத் திரி கொளுத்த வந்தவள்.

“எங்ககா?” என்றாள் தங்கச்சியிடம்.

பீற்றிஸ் எழும்பி இடம் விட்டாள். கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். விரலில் புட்டி காய்ந்திருந்தது.

மேர்லின் குந்தினாள். கண்பார்வை அவ்வளவு போதாது. விரலால்தான் பார்த்தாள். கூரைக்கோடு இரண்டையும் தடவினாள். நெட்டுக்கோட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். கோடு முடிந்த பிறகும் விரல் நிற்கவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு பழகிய விரல் அது. தன் பாட்டில் இடப்பக்கம் வளைந்தது. வளைந்த இடத்தில் சுவர் குளிர்ந்து, ஈரமாக, மெத்தென்று இருந்தது.

அவள் விரலை எடுத்து மணந்து பார்த்தாள். திரும்பித் தங்கச்சியைப் பார்த்தாள். பீற்றிஸ் நிலத்தைப் பார்த்தாள்.

நகத்தால் புட்டியைத் தோண்டி எடுக்க மேர்லினுக்குக் கனநேரம் தேவைப்படவில்லை. எடுத்த புட்டியை உருட்டி உருட்டி ஒரு பக்கத்தில் வைத்தாள். வால் வெளியே வந்தது. அதன்மேல் விரலை வைத்தபடியே இருந்தாள். வெளியே வாவியில் மழை விழுகிற சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் மணந்தது.

“அக்கா,” என்றாள் பீற்றிஸ். “நான் வேணுமெண்டுதான் அடைச்ச. மன்னிச்சிரு எண்டு கேக்கவும் எனக்கு வாயில்ல.”

மேர்லின் வேறொன்று கேட்டாள்.

“தோணி கழுவினது நீதானே?”

“ஓம்.”

“மீன் கிடந்ததுதானே?”

“கிடந்த. மீனும் இறாலும். கூடை நிறைய.”

“ஓடுறவன் அத வித்துப்போட்டு ஓடுவான்கா. பஸ்ஸுக்குக் காசு வேணாமா?” மேர்லின் மெல்லிய குரலில்தான் பேசினாள். “திரும்பி வாறதெண்டு நினைச்சவன்தான் தோணியக் கட்டி, மீன உள்ள வச்சிட்டுப் போவான். எவ்வளவு லேசான கணக்கு. ஊரில ஒருத்தருக்கும் வரல்ல. நீ திட்டின, நீ சின்னப் பிள்ள. நான் பெண்சாதி. எனக்கும் வரல்லயே.”

முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள். பீற்றிஸ் பக்கத்தில் குந்தி அக்காவின் தோளைப் பிடித்தாள். தட்டிவிடுவாள் என்று பயந்தாள். மேர்லின் தட்டிவிடவில்லை. பிறின்ஸ் வெளியே போய் நௌஷாட்டுக்குப் பக்கத்தில் நின்றான்.

அழுது முடித்ததும் மேர்லின் திரியைக் கொளுத்தி, குறிக்குக் கீழே உருக்கி நட்டாள். வாசல் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

“சேர், பெரியவர்ட்ட இதச் சொல்றதெண்டா பேரோட சொல்லுங்க. பீற்றர். மேர்லின்ட புருசன். மச்சானத் தேடி வந்த ஆள்.”

“சொல்றன்,” என்றார் நௌஷாட். “அவர் வந்து பாக்கிற மட்டும் டைல் வைக்க வேணாமெண்டும் சொல்றன், அக்கா. அதுக்கு மேல என்ட கையில இல்ல.”

“அது போதும்.”

பீற்றிஸ் எழும்பப் பார்த்தாள். கால் மரத்துப்போயிருந்தது. வந்த காரியம் முடிந்தமாதிரியும், ஒன்றுமே தொடங்காதமாதிரியும் இருந்தது. வீட்டில் மாதாவுக்குப் பக்கத்தில் இருக்கிற படம் நினைவுக்கு வந்தது. அதை இன்று எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

“வா அக்கா, போவம். இருட்டப்போகுது.”

மேர்லின் அசையவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு சுவர்தான் சுரண்டி முடிந்திருந்தது. மற்ற மூன்றும் இன்னும் நீலமாகவே நின்றன. நிலத்தில் கிடந்த சுரண்டியை எடுத்துத் தங்கச்சியின் கையில் கொடுத்தாள். தனக்கென்று பிறின்ஸின் கம்பிப் பிறஷை எடுத்துக்கொண்டாள்.

“என்ட ஆள் கிடைச்சிட்டார்,” என்றாள். “உன்ட ஆளத் தேட வேணாமா? ரெண்டு பேரையும் ஒரே அறையிலதான் வச்சிரிப்பாங்க. நீ அந்த மூலையால வா, நான் இந்த மூலையால வாறன். வாலில்லாத குறிகா. பாத்துச் சுரண்டு.”

பீற்றிஸ் மூலையில் போய்க் குந்தினாள். நீலம் கழன்று மஞ்சள் வந்தது. பிறின்ஸ் உள்ளே வந்து ஒன்றும் கேட்காமல் வேலைக்கு வைத்திருந்த விளக்கை இழுத்து அவர்களுக்குக் கிட்ட வைத்தான். அக்காவும் தங்கச்சியும் பச்சை வரும்வரை சுரண்டினார்கள், பச்சைக்கும் அடியில் போனார்கள். மழை விடுகிறமாதிரித் தெரியவில்லை. அவர்களும் எழும்பவில்லை.